யார் வீட்டுக் கணக்கு?

இலங்கையின் பொருளாதாரத்தைச் சிறப்பாக நடத்திய அரசாங்கம் எது என்ற கேள்வி பழையது. 2022இல் அதற்கு மீண்டும் உயிர் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் தற்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசைகள் நீண்டன. வரிசையில் நிற்பவனுக்குப் பேச நேரம் நிறைய உண்டு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நின்றவர்கள் பழைய அரசாங்கங்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்து விசாரித்தார்கள். ஸ்ரீமா அம்மையாரின் காலத்திலும் வரிசை இருந்தது, ஆனால் நாடு இப்படி வங்குரோத்தாகவில்லை என்றார் ஒருவர். ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டிராவிட்டால் இன்றைக்கும் மரவள்ளிக் கிழங்குதான் தின்றுகொண்டிருப்போம் என்றார் இன்னொருவர். சுதந்திரம் கிடைத்த காலத்தில் கஜானா நிரம்பி வழிந்தது, அதைக் கரைத்தவர்கள்தான் பின்னால் வந்த எல்லோரும் என்றார் மூன்றாமவர். மூவரிடமும் ஆதாரம் இருந்தது. ஒருவரும் மற்றவரை ஒப்புக்கொள்ள வைக்கவில்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கல்ல. நம்மை ஆண்ட பிரித்தானியாவிலும் இதே விவாதம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தொழிற்கட்சி நன்றாக நடத்தியதா, கன்சர்வேட்டிவ் கட்சி நன்றாக நடத்தியதா? 1967இல் பவுணின் பெறுமதியைக் குறைத்தது வில்சனின் குற்றமா, அவருக்கு முன்னிருந்தோரின் குற்றமா? 1976இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது தொழிற்கட்சி அரசு என்பார் ஒருவர். சுரங்கங்களை மூடி ஊர்களைப் பாழாக்கியது தாட்சர் அரசு என்பார் மற்றவர். பணவீக்கம், வேலையின்மை, வளர்ச்சி வீதம், கடன் என்று ஆளுக்கொரு எண்ணை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தனக்குச் சாதகமான எண் எல்லோரிடமும் இருக்கிறது.

எண்கள் ஏராளமாக இருந்தும் வழக்கு ஏன் தீர்வதில்லை? இது பொருளாதாரக் கேள்வி போலத் தோன்றும் ஓர் அறக் கேள்வி என்பதே என் எண்ணம். 'பொருளாதாரம்' என்பதற்கு மேற்குலகம் வழங்கும் சொல்லின் கிரேக்க வேர், வீட்டை நடத்துவது என்று பொருள்படும். வீட்டை நன்றாக நடத்தினாரா என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நின்று பார்க்கும்போது இந்த முதற் கேள்வி தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. உழைப்பில் வீட்டுக்குள்ளும் பந்தியில் வீட்டுக்கு வெளியிலும் வைக்கப்பட்ட ஒரு சமூகம் அங்கே வாழ்கிறது.

*

நம்மவர் மத்தியில் மிகவும் சூடாக விவாதிக்கப்படும் 1970 - 1977 ஆட்சியை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் சேர்ந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அது. நிதியமைச்சர் என்.எம். பெரேரா, இலண்டனில் ஹரோல்ட் லஸ்கியிடம் பயின்றவர், ட்ரொட்ஸ்கியவாதி. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசு வாராந்தப் பங்கீட்டு அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்திருந்தது. அந்த இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவோம் என்று சொல்லித்தான் இவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். சந்திர மண்டலத்திலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற தேர்தல் மேடைப் பேச்சை மலையகத்தில் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள்.

இந்த ஆட்சியைப் பற்றி யாழ்ப்பாணத்து விவசாயியிடம் கேளுங்கள். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டிருந்த காலம். கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணில் பயிரிட்டவன் முதன்முதலாகக் கல்வீடு கட்டினான், உழவு இயந்திரம் வாங்கினான். அவனைப் பொறுத்தவரை அது பொற்காலம். அதே யாழ்ப்பாணத்து மாணவனிடம் கேட்டால் தரப்படுத்தலைச் சொல்லிக் கசந்துகொள்வான். நமது சமூகத்தின் மூத்த ஆசிரியர்களிடம் கேட்டால் கல்வியமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரைச் சொல்வார்கள். முஸ்லிம் பாடசாலைகள், ஆசிரிய நியமனங்கள், பல்கலைக்கழக வாசலை எட்டிய முதல் தலைமுறை என்று அவர்களிடம் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. கொழும்பு கொட்டாஞ்சேனையிலோ ஹட்டன் கடைத்தெருவிலோ துணி வியாபாரம் செய்தவரிடம் கேட்டால், விற்கச் சரக்கில்லாத அலுமாரிகளையும் அனுமதிப் பத்திரங்களுக்காக அலைந்த அலைச்சலையும் சொல்வார்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் வாசற்படியில் நின்று நாட்டைப் பார்க்கிறார். வேறுபட்ட நலன்கள், வேறுபட்ட தீர்ப்புகள் என்று இந்த இடத்தில் கையைக் கழுவிக்கொள்வது எளிது. நான் அதற்கு உடன்படவில்லை. ஏனென்றால் இந்தப் பட்டியலில் இன்னும் ஒருவரிடம் நாம் கேட்கவில்லை.

1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கானது. கோதுமையும் அரிசியும் சீனியும் விலையேறின. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லை. பங்கீட்டு அரிசி வெட்டப்பட்டது. மாவுக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு. கிராமத்தவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல் இல்லாவிட்டாலும் பலாவும் கிழங்கும் கீரையும் இருந்தன. லயத்துக் காம்பராவில் இருந்தவனுக்கு வாசலுக்கு வெளியே ஒரு முழம் மண்கூடச் சொந்தமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைதான், ஆனால் அது உண்ண முடியாத பச்சை. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் மட்டுமே வேலை கொடுத்த தோட்டங்கள் பல இருந்தன. கைக்காசு குறைந்த அதே நாட்களில் கூப்பனுக்கு வெளியே அரிசியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1974இல் இலங்கையின் இறப்பு வீதம் முன்னைய ஆண்டைவிட ஏறியது. அந்த ஏற்றத்தின் பெரும் சுமையை ஏற்றது தோட்டப்புறம். குழந்தைகளும் முதியவர்களும் முதலில் போனார்கள். தோட்டத்தை விட்டு நகரங்களுக்கு இறங்கிக் கையேந்தியவர்களை ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கண்டியிலும் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்தவரின் பலசரக்குக் கடையில் இப்பேச்சு வந்தது. கடைக்காரர் ஸ்ரீமா அம்மையாரின் பக்கம் பேசுபவர். உலகம் முழுக்கவே அரிசி இல்லாதபோது அவர் என்னதான் செய்வார் என்றார். பென்சன் பணத்தில் சாமான் வாங்க வந்திருந்த ஒரு முதிய தோட்டத்துப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அரிசி இல்லேன்னு யாரு நானா சொன்னா? எங்களுக்குத்தான் இல்லேன்னாங்க."

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கருத்தைத்தான் அந்தப் பெண் ஒரே வரியில் சொன்னாள். பஞ்சம் என்பது உணவு இல்லாமற் போவதல்ல, சிலருக்கு உணவின் மீதான உரித்து இல்லாமற் போவது என்பது அவரது வாதம். அதே சென், குறைந்த வருமானத்திலும் நீண்ட ஆயுளையும் பரந்த கல்வியையும் எட்டிய நாடாக இலங்கையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் என்பது இங்கே கவனத்திற்குரியது. சராசரியாகப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. ஆனால் சராசரி ஒரு போர்வை. தலையும் உடலும் மூடியிருக்கும்போது கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அது காட்டாது.

*

இந்த இடத்தில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எண்ணெய் விலை ஏறியது என்.எம். பெரேராவின் குற்றமல்ல. அதற்கு அவரைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அதுபோலவே 1950, 51இல் கொரிய யுத்தத்தால் றப்பர் விலை உயர்ந்து கஜானா நிரம்பியது அன்றைய ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தின் திறமையுமல்ல. வந்த மழைக்கும் வராத மழைக்கும் கங்காணியைப் புகழ்வதும் இகழ்வதும் போன்றது அது. அரசாங்கங்களைப் பற்றிய நமது தீர்ப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மழைக் கணக்குத்தான். செழிப்புக் காலத்தில் ஆண்டவர் கெட்டிக்காரர், பஞ்சக் காலத்தில் ஆண்டவர் மடையர்.

வந்த பற்றாக்குறையை எப்படிப் பங்கிட்டார்கள் என்பது ஆட்சியாளரின் கையில் இருந்தது. பற்றாக்குறை விதியாக இருக்கலாம், பங்கீடு விதியல்ல. யாரைப் பந்தியின் கடைசியில் உட்கார வைத்தார்கள், அவர்கள் முறை வருமுன்னே சோறு தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் உட்கார வைத்தார்களா என்பதற்கு ஆட்சியாளர் பதில் சொல்லியாக வேண்டும். 1974இல் தோட்டத் தொழிலாளிக்குக் காணி இல்லை என்பதும், அவன் முழுக்கக் கூப்பனையும் கடையையும் நம்பியிருப்பவன் என்பதும் கொழும்புக்குத் தெரியாத இரகசியங்களல்ல. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் தனியாரின் காணிக்கு 50 ஏக்கர் என்ற உச்ச வரம்பை விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அந்நியத் துரைமார்களின் காலம் முடிந்தது என்று இடதுசாரிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் தோட்டம் கைமாறியபோது அதில் மூன்று தலைமுறையாக உழைத்தவனுக்கு அதில் ஒரு துண்டுகூட உரித்தாகவில்லை. அவனிருந்த தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில்தான், 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிக்குச் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் பலியானான். முதலாளியத்துக்கு எதிரான அரசு என்ற பெயர்ப்பலகையின் கீழேயே இது நடந்தது.

*

இதற்கு மறுபக்கத்தார் ஒரு வலுவான பதில் வைத்திருக்கிறார்கள். அதை எளிதில் ஒதுக்க முடியாது. பானையே சிறிதாக இருக்கும்போது பந்தி ஒழுங்கைப் பற்றிப் பேசி என்ன பயன்? வறுமையைப் பங்கிட்டால் எல்லோருக்கும் வறுமைதான் கிடைக்கும், முதலில் பானையைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் நிதியமைச்சர் ரொனி டி மெல்லும் செய்தது அதைத்தான் என்பார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, ரூபாவின் பெறுமதி பாதியளவுக்கு இறக்கப்பட்டது, கடைகள் நிரம்பின. 1978இல் வளர்ச்சி எட்டு வீதத்தைத் தொட்டது. மாற்றங்களின் வரிசையில் பார்த்தால் ஜே.ஆர். தாட்சருக்கும் ரீகனுக்கும் முந்தியவர். கடைத்தெருவில் இருந்த நம்மவர் பலருக்கு மூச்சு வந்தது அப்போதுதான். மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு நமது ஊர்களின் கூரைகளை மாற்றியதும் அக்காலத்தில்தான்.

பானை பெரிதாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வாதத்தைத் தோட்டத் தொழிலாளியிடம் கொண்டுபோனால் அது தலைகீழாகிவிடுகிறது. உற்பத்தி செய்யாதவன் பங்கு கேட்கக்கூடாது என்பது அதன் உள்ளுறை. இவனோ உற்பத்தி செய்தவன். சுதந்திரத்துக்குப் பிந்திய முதற் சில பத்தாண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. நாட்டுக்கு இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் மானிய அரிசியும் கொடுக்க உதவிய பணத்தில் தேயிலை மீதான ஏற்றுமதி வரிக்கு முக்கிய பங்கு உண்டு. அந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க எழுபதுகளின் பிற்பகுதி வரை செல்ல வேண்டியிருந்தது. பானையை நிரப்பியவனே பந்தியில் கடைசி ஆள் என்றால், 'முதலில் உற்பத்தி, பிறகு பங்கு' என்ற நீதி அவன் விடயத்தில் மட்டும் செல்லுபடியாகவில்லை என்றுதானே பொருள்?

1977க்குப் பிறகு தோட்டத்துக்கு நன்மை எதுவும் வரவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. அவ்வாண்டுத் தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டு அமைச்சரானார். 1984இல் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டங்கள் வந்தன, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது பெருமளவு முடிந்தது. ஆயினும் இதே ஆட்சியில்தான் 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. பெருந்தொகையானோர் வவுனியாவுக்கு ஓடினார்கள். யாழ்ப்பாணத்து வெங்காய விவசாயி இறக்குமதி வெங்காயத்தோடு போட்டியிட முடியாமல் விழுந்தான். வளர்ச்சி வீதத்தை எழுதும் பக்கத்தில் இவற்றை எழுத இடமில்லை. வேறொரு நூலின் வேறோர் அத்தியாயத்தில் 'இனப்பிரச்சினை' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொள்கிறோம். கொள்ளை போன காம்பராக்காரனுக்கு இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே வீட்டில் நடந்தவை.

*

இன்னும் பின்னே போனால், கஜானா நிரம்பியிருந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பொற்காலம் வருகிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வாக்குரிமையையும் பறித்தன. 1952 தேர்தலில் ஏழு ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1964இல் ஸ்ரீமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அரிசியைப் பங்கிடாத ஆண்டில் ஆட்களைப் பங்கிட்டார்கள்.

1953ஐ இதனருகில் வைத்துப் பாருங்கள். நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடு கொதித்தது. ஓகஸ்ட் ஹர்த்தாலின் பின் பிரதமர் டட்லி பதவி விலகினார். அந்த அதிர்ச்சியில் அரிசியின் விலை பல ஆண்டுகளுக்கு எல்லா அரசாங்கங்களுக்கும் பயம் தரும் பொருளாயிற்று. 1974இல் தோட்டங்களில் மனிதர்கள் இறந்தார்கள், எந்த அமைச்சரும் அதற்காகப் பதவி விலகவில்லை. வாக்குள்ளவனின் பசி அரசியலாகிறது. வாக்கில்லாதவனின் பசி புள்ளிவிபரத்தில் ஒரு வரியாகிறது. எந்த அரசாங்கம் நன்றாக நடத்தியது என்பதற்குத் தேர்தல் முடிவுகளையே சாட்சியாகக் காட்டுவோர் இதை யோசிக்க வேண்டும். நீதிபதி ஆசனத்திலிருந்து ஒரு தரப்பை எழுப்பிவிட்டு எழுதிய தீர்ப்பு அது.

பிரித்தானியரின் விவாதத்துக்கும் இது பொருந்தும். அட்லியின் தொழிற்கட்சி அரசாங்கத்தை அந்நாட்டின் மிகச் சிறந்த அரசாங்கம் என்று கருதுவோர் பலர். 1948 ஜூலையில் ஆரம்பித்த தேசிய சுகாதார சேவை அங்குள்ள தொழிலாளிக்கு மருத்துவக் கவலையை நீக்கியது. மகத்தான காரியம்தான். அத்தொழிலாளி அன்று பங்கீட்டு அட்டைக்கு வாங்கிக் குடித்த தேநீரில் ஒரு பகுதி, பிரித்தானியக் கம்பனிகளின் மலையகத் தோட்டங்களில் பறித்த கொழுந்து. பறித்தவள் அதே ஆண்டில் நாடற்றவளானாள். சட்டத்தை நிறைவேற்றியது கொழும்புப் பாராளுமன்றம், அட்லியல்ல. ஆனால் இலண்டனில் மலிவாகக் கிடைத்த தேநீர் எந்த வீட்டுக் கணக்கில் செலவாக எழுதப்பட்டது என்று அங்கு எந்தக் கட்சி விவாதத்திலும் கேட்கப்படுவதில்லை.

*

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நட்டக் கணக்கிலிருந்த தோட்டங்களைக் காப்பாற்றிய நடவடிக்கை என்று ஒரு சாராரும், தொழிலாளியைச் சந்தையிடம் விட்டுவிட்ட நடவடிக்கை என்று மறு சாராரும் சொல்கின்றனர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்தது. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆக, ஒரு முழுப் பேருக்கு ஐந்து டொலர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைவாயிற்று. தேயிலையோ டொலரில் விற்கும் பொருள். கொழும்பு ஏலத்தில் அதன் ரூபா விலை ஓராண்டுக்குள் இரு மடங்கை ஒட்டிப் போனது. ஒரே வீழ்ச்சி, விற்பவனுக்கு உயர்வாகவும் பறிப்பவளுக்குச் சரிவாகவும் வந்தது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்ததன் விளைவும் சேர்ந்துகொண்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாக விழுந்தது. கொழுந்து வராத மலையில் நிறை எடுக்க முடியாது. நிறை வராவிட்டால் அரைப் பேர்தான். நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது 2024 செப்டெம்பரில்.

மூன்றரை ஆண்டுகளாக அந்தப் பெண் தன் உழைப்பின் பெறுமதியில் பாதியளவை இழந்துகொண்டு நாட்டின் 'மீட்சி'க்குப் பங்களித்தாள். பணவீக்கம் இறங்கியதற்கும் கையிருப்பு ஏறியதற்கும் புகழை எந்தத் தலைவருக்குக் கொடுப்பது என்று கட்சிகள் வாதிடுகின்றன. அவள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

*

பொருளாதாரத்தைக் கணக்காகப் பார்த்தாலென்ன, கதையாகப் பார்த்தாலென்ன, இறுதியில் நாம் ஓர் அறநிலைப்பாட்டில் போய்த்தான் நிற்க வேண்டும். ஜோன் ரோல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1971இல் வெளியிட்ட நூலில், ஏற்றத்தாழ்வுகள் மிகவும் கீழே உள்ளவருக்கு நன்மை தரும் அளவுக்குத்தான் நியாயமானவை என்று வாதிட்டார். அவருக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பே நமக்கு ஓர் இப்னு கல்தூன் இருந்தார். வரி குறைவாக இருக்கும்போது அரசின் வருமானம் பெருகும் என்ற அவரது கருத்தை 1981இல் ரீகன் தன் வரிக்குறைப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். அதே முகத்திமாவில், அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்ற அத்தியாயத்தில், மக்களின் உழைப்பைக் கட்டாயமாகவும் ஈடின்றியும் பறிப்பதை மிகக் கொடிய அநீதிகளில் ஒன்றாக அவர் வைத்திருப்பதை ரீகன் எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்வது பழைய வழக்கம். இப்னு கல்தூனுக்கு இரண்டும் ஒரே வாதம். உழைப்பவனுக்கு உழைப்பின் பலன் மீது நம்பிக்கை போனால் ஊர் பாழாகும்.

இந்த அளவுகோலுக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். கடைசி ஆளிலிருந்து அளந்தால் எல்லா அரசாங்கங்களும் தோற்றுவிடுமே, பிறகு எப்படி ஒன்றைவிட ஒன்று மேல் என்பது? இது முதலாவது. எல்லாம் தோற்கின்றன என்பது உண்மைதான், ஆனால் ஒரே அளவில் தோற்கவில்லை. சமசம்பளம் தந்ததும், பிரசாவுரிமை தந்ததும், பாடசாலையைப் பொறுப்பேற்றதும் உண்மையான படிகள். அவை வேறுவேறு ஆட்சிகளில் வந்தன. பிரசாவுரிமையைப் பறித்த கட்சியே பின்பு அதன் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. கட்சிக் கொடிகளைப் பார்த்துப் பிரிக்கும்போது மறைந்துபோகும் இந்த வேறுபாடுகள், கடைசி ஆளிலிருந்து பார்க்கும்போதுதான் துலங்குகின்றன.

இரண்டாவது, இது ஒரு சமூகத்தின் முறைப்பாட்டை நாட்டின் அளவுகோலாக்குவது என்பது. அப்படியல்ல. கடைசி இடம் யாருக்கும் நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டதல்ல. உரத்தடை வந்தபோது சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயலில் நின்ற நமது விவசாயிகள் கேட்டதும் இதே கேள்விதான்: யாரைக் கேட்டு எங்கள் விளைச்சலைச் சோதனைக்கு எடுத்தீர்கள்? 1977க்குப் பின் வெங்காயத் தோட்டத்தில் நின்றவன் கேட்டதும் இதுதான்.

நமது வாசகர்களில் பலருக்கு அப்துல் அஸீஸின் பெயர் நினைவிருக்கும். தோட்டத் தொழிலாளரின் தலைவராக உயர்ந்த முஸ்லிம் அவர். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் தொண்டமானைப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தியவர். அவர் இடதுசாரிகளோடும் ஸ்ரீமா அம்மையாரோடும் நின்றார், 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். தொண்டமான் மறுபக்கம் நின்றார். இருவரில் யார் சரியான அரசாங்கத்தைத் தேர்ந்தார் என்ற சர்ச்சை மலையகத்தில் நெடுங்காலம் நடந்தது. இருவருமே தம் மக்களுக்கு எந்த வாசல் திறக்கும் என்று தேடியவர்கள் என்றே நான் கருதுகிறேன். அவர்களது நேர்மைக்குச் சாட்சி அவர்கள் சேர்ந்த கட்சியல்ல, உள்ளே போன பின் எதைக் கேட்டார்கள் என்பது. அந்தச் சர்ச்சையை நடத்துவோர் இந்தப் பக்கத்தை அதிகம் புரட்டவில்லை.

ஆகவே, எந்த அரசாங்கம் சிறந்தது என்ற விவாதத்தை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. அது குடிமக்களுக்கு வேண்டிய விவாதம். ஆனால் அதில் இறங்குபவர், தான் மெச்சும் அரசாங்கத்தின் கெட்ட ஆண்டு எது, அந்த ஆண்டின் சுமை யார் தலையில் வைக்கப்பட்டது, அவர்களுக்கு மறுத்துச் சொல்ல வழி இருந்ததா என்ற மூன்றுக்கும் பதில் சொல்லட்டும். நகரங்களில் கடை வைத்திருக்கும் நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சம்பளத் தினத்தன்று தோட்டத்திலிருந்து இறங்கி வரும் பணத்தில்தான் நமது கல்லாக்கள் நிரம்பின. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைக் கடைத்தெருக்களின் வரலாறு அந்தப் பணத்தின் வரலாறு. கொழும்பில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் சீனிக்கும் மாவுக்கும் வரி எவ்வளவு என்று காது கொடுத்துக் கேட்கிறோம். லயத்துக் காம்பராவில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, நான்கு ஐந்து தலைமுறைகளுக்குப் பிறகும், குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. அதற்கு அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.